நாற்பது கட்டைவிரல்கள்

அந்த ரேகைகள் பார்க்க அழகாக இருந்தன. நீல மையில், சுழி சுழியாக, ஒரு கோடுகூட அழியாமல், கட்டத்தைத் தாண்டாமல், நாற்பது படிவங்களில் நாற்பது கட்டைவிரல்கள். ஓரத்தில் ‘நேர்த்தி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பார்மசி கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தினேன். அங்கே என் கோபத்துக்குத் தினமும் தீனி கிடைத்தது. மாத்திரை எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார்க்கிற சோதனை ஒன்று உண்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவு எடுத்து எழுத வேண்டும், முக்கால் மணி நேரம். பத்தாவது நிமிடத்தில் போய்ப் பார்த்தால் நாற்பத்தைந்தாவது நிமிடத்தின் அளவும் நோட்டில் ஏறியிருக்கும். மாத்திரை அங்கே பாதிகூடக் கரையாமல் சுற்றிக்கொண்டிருக்கும். “நீ என்ன ஜோசியமா பாக்கே?” என்று கேட்டு நோட்டைக் கிழித்திருக்கிறேன். ஒரு முறை ஜன்னல் வழியாக வீசியிருக்கிறேன். கீழே துறைத்தலைவரின் கார் நின்றது.

அதனால்தான் துணைவேந்தர் என்னைக் கூப்பிட்டார். “மேடம், உங்க கோபத்தை லேப்ல வேஸ்ட் பண்ணாதீங்க. யுனிவர்சிட்டிக்கே யூஸ் ஆகட்டும்” என்றார். ஆராய்ச்சி கம்ப்ளையன்ஸ் இயக்குநர் என்று ஒரு பதவியைக் கொடுத்தார்கள். நிர்வாகக் கட்டடத்தின் கடைசியில், உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்திருக்கும் அறைக்குப் பக்கத்து அறை. வேலை இதுதான்: பல்கலைக்கழகத்தில் யார் மனிதர்களை வைத்து ஆராய்ச்சி செய்தாலும் அந்தக் கோப்பு என் மேசைக்கு வர வேண்டும். அந்த மனிதர்களுக்கு விவரம் சொன்னார்களா, அவர்கள் மனசாரச் சம்மதித்தார்களா, கேடு எதுவும் வராமல் பார்த்துக்கொள்கிறார்களா என்று நான் பார்க்க வேண்டும். பழைய சகாக்கள் என் அறைக்கு ‘ஸ்டேஷன்’ என்று பெயர் வைத்தார்கள். கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு மழைக்கும் வெயிலுக்கும் மாறிவிடும். எனக்கு அது பிடித்திருந்தது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

சுற்றறிக்கையாக எழுதித் தள்ளினேன். சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். ‘நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளை நிறுத்த வேண்டாம்’ என்ற வரி பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ஆராய்ச்சி மருந்துப் புட்டியில் எங்கள் அனுமதி எண்ணை அச்சிட வேண்டும். ஒரு துறையில் மையை அப்பி அப்பி, யாருடைய விரல் என்றே தெரியாத கறைகளை ரேகை என்று கொண்டுவந்தார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று எனக்கு உடனே பட்டது. அன்றைக்கு மத்தியானமே உட்கார்ந்து ஏழாவது சுற்றறிக்கையை எழுதினேன். கைரேகை தெளிவாக இல்லாத படிவங்கள் ஏற்கப்பட மாட்டா. தெளிவில்லாதவை திருப்பி அனுப்பப்படும். ஒரே பத்தி. மூன்று முறை வாசித்துப் பார்த்து, மூன்று முறையும் என்னையே மெச்சிக்கொண்டேன்.

அந்த நாற்பது படிவங்கள் ஒரு மூலிகைக் காப்ஸ்யூல் ஆய்வுக்கு வந்தவை. இடுப்பு வலி, கழுத்து வலி உள்ள பெண்களுக்குக் கொடுத்துப் பார்க்கிற ஆய்வு. எங்கள் சங்கரன்கோவிலின் கடைசித் தெருக்களிலும் மேலநீலிதநல்லூர் பக்கத்துக் கிராமங்களிலும் ஆள் சேர்த்தார்கள். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்களுக்கு அந்த வலி இல்லாமல் இருக்குமா? நல்ல ஆய்வு என்றுதான் அனுமதி கொடுத்தேன்.

இங்கே என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அம்மா பீடி சுற்றியவள். அக்கா இன்றைக்கும் சுற்றுகிறாள். நான் கல்லூரிக்குப் போகும்வரை பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர்களுக்கு இலை வெட்டிக் கொடுத்தவள். பீடிக்காரப் பெண்ணின் கை எப்படியிருக்கும் என்று எனக்குப் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. தெரிந்திருந்தும் தெரியாமல் போனதுதான் இந்தக் கதை.

ஒரு சனிக்கிழமை காலை. அக்காவின் மகன் வெளியூரில் இருக்கிறான், அரிசி தூக்க ஆள் இல்லை என்று அவளோடு ரேஷன் கடைக்குப் போனேன். தறிச் சத்தத்தில் யாரும் மெதுவாகப் பேச முடியாத தெரு. வரிசையில் பத்துப் பதினைந்து பெண்கள், எல்லோரும் பீடிக்காரிகள். அக்காவின் முறை வந்தது. கட்டைவிரலை மெஷினில் வைத்தாள். சிவப்பு விளக்கு. மற்ற விரல்களையும் மாற்றி மாற்றி வைத்தாள். எல்லாவற்றுக்கும் சிவப்பு விளக்கு.

“எடுக்கலக்கா. கையத் துடைச்சிட்டு வைங்க” என்றான் கடைக்காரன்.

“துடைச்சா ரேகை மொளைக்குமாவே?” என்றாள் அக்கா. வரிசையே சிரித்தது. “கண்ணு மெஷின எடும். மாசா மாசம் இதே கூத்து.”

அவளுக்குப் பின்னால் நின்றவளுக்கும் எடுக்கவில்லை. அதற்கடுத்தவளுக்கும் எடுக்கவில்லை. ஒவ்வொருத்தியாகக் கண்ணைக் காட்டிவிட்டு அரிசி வாங்கிப் போனார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இலையும் தூளும் நூலும் தேய்த்துத் தேய்த்து அந்த விரல்கள் வழுவழுவென்று ஆகிவிட்டிருந்தன. அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். “என்னட்டி, கை பாத்துக் குறி சொல்லப் போறியா?” என்றாள்.

அப்போதுகூட எனக்கு அந்த நாற்பது படிவங்கள் ஞாபகத்துக்கு வரவில்லை. திரும்பும்போது எதிர்வீட்டு மதினி வரிசையில் இல்லையே என்று பேச்சுக்குக் கேட்டேன். அக்காவும் அவளும் கல்யாணமாகி வந்த நாள் முதல் ஒன்றாக உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர்கள்.

“ஒனக்குத் தெரியாதா? அவளுக்கு வாதம் அடிச்சிட்டுல்லா. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில கெடந்து வந்தா. வலது கை வெளங்கல.”

“பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடுவாளே.”

“அதான் புது மாத்திரை வந்துட்டுன்னு பழச நிறுத்திட்டாளே.”

“யாரு நிறுத்தச் சொன்னா?”

“ஒருத்தரும் சொல்லல. நிறுத்தாதன்னும் ஒருத்தரும் சொல்லல. ஆஸ்பத்திரியில இருந்து வாரோம்னு ஒரு வேன்ல வந்து புட்டி புட்டியா குடுத்தாவ. புதுசு வந்தா பழசு எதுக்குன்னு நெனச்சிட்டா. எனக்கும் நீட்டுனாவ, திங்கற மாத்திரையே போதும்யா, ஆள விடுங்கன்னுட்டேன்.”

அரிசிப் பையை அக்கா வீட்டு வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குள் போனேன். மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பீடித் தட்டு மூலையில் கிடந்தது, அதில் யாரோ வெங்காயம் காயப்போட்டிருந்தார்கள். அலமாரியில் இருந்து புட்டியை எடுத்துக் கொடுத்தாள் அவள் மருமகள். வெள்ளை லேபிள். அதில் அனுமதி எண். அந்த எண்ணை நான்தான் கோப்பில் என் பேனாவால் எழுதியிருந்தேன்.

“மாத்திர குடுக்கும்போது ஒங்ககிட்ட ஏதாவது வாசிச்சுக் காட்டினாவளா? கைநாட்டு வாங்கினாவளா?” என்று கேட்டேன்.

வாய் கோணிக்கொண்டு பேச்சு குழறியது. “ஒண்ணும் கேக்கல” என்றாள். பிறகு, “நீ மாத்திரப் படிப்புப் படிச்சவள்லா. இத இன்னும் திங்கணுமா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் கோப்பை எடுத்தேன். மதினியின் படிவம் பதினேழாவதாக இருந்தது. ‘தொழில்: பீடி சுற்றுதல்’ என்று எழுதி, அதற்குக் கீழே முத்து முத்தாக ஒரு ரேகை. அடுத்த படிவம், பீடி சுற்றுதல், அழகான ரேகை. அதற்கடுத்ததும் அப்படியே. ரேஷன் கடை மெஷினால் எடுக்க முடியாத விரல்களை எங்கள் பல்கலைக்கழகத்து மை எடுத்திருக்கிறது! பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பதினொரு ரேகைகளின் குறுக்கே ஒரே இடத்தில் ஒரே வெட்டுத் தழும்பு ஓடியது. மதினியின் படிவத்திலும் இருந்தது. பதினொரு பெண்களுக்கு ஒரே விரல்.

ஆய்வுக்காக ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தவரைக் கூப்பிட்டேன். அவர் திருவேங்கடத்துக்காரர், நாற்பதை நெருங்கியவர். பல வருடமாகத் தற்காலிக வேலையில் இருக்கிறார். “இடது கையைக் காட்டுங்க” என்றேன். காட்டினார். கட்டைவிரலில் தழும்பு. அதற்கப்புறம் நான் பேசியது வராந்தாவின் அந்தக் கோடிவரை கேட்டதாகச் சொன்னார்கள். ஒரு மனுஷியின் கை போய்விட்டது, சோறு போட்ட கை போய்விட்டது, நீர் உம் விரலை வைத்து அவளுடைய சம்மதத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர், வெட்கமாக இல்லையா என்று கத்தினேன். மேசையில் இருந்த தண்ணீர் டம்ளர் உருண்டு விழுந்தது.

அவர் கத்தவில்லை. கொஞ்சம் இருங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் போய், ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார்.

“இது நான் மொதல்ல கொண்டாந்தது. பன்னிரண்டு பேரு. ஒவ்வொருத்தர் வீட்டுலயும் உக்காந்து முழுசா வாசிச்சுக் காட்டுனேன். பழைய மாத்திரைய நிறுத்தாதீங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன். அவங்க விரலத்தான் புடிச்சு வச்சேன்.”

பன்னிரண்டு படிவங்களிலும் மைக்கறை இருந்தது. வெறும் நீலக் கறை, உள்ளே ஒரு கோடு கிடையாது. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில், ‘ரேகை தெளிவில்லை. ஏழாவது சுற்றறிக்கைப்படி திருப்பி அனுப்பப்படுகிறது.’ என் கையெழுத்து.

“நீங்கதான மேடம் திருப்பி அனுப்புனிய. மறுபடியும் போயி வாங்குனேன், மறுபடியும் அனுப்புனிய. அவங்க கையில ரேகை இல்லன்னு உங்க ஆபீஸ்ல வந்து சொன்னேன். சுற்றறிக்கைய வாசிங்கன்னு சொல்லிட்டாங்க. ஆய்வு நடத்துற புரொபசர் ஃபார்ம முடி, ஃபார்ம முடின்னு நிக்காரு. அப்புறந்தான் என் விரல வச்சேன். டிரைவர் விரல வச்சோம், அட்டெண்டர் விரல வச்சோம். உடனே பாஸ் ஆயிட்டு.” காகிதக் கட்டைத் திரும்ப அடுக்கிக்கொண்டே சொன்னார்: “அதுக்கப்புறம் வாசிச்சுக் காட்டவே தோணல மேடம். ரேகை நம்மகிட்டயே இருக்கு, அவங்கள எதுக்குக் கேக்கணும்னு ஆயிப்போச்சு.”

அவரை வெளியே போகச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அழுதேன் என்று எழுத ஆசைதான், அழவில்லை. கோபம்தான் வந்தது. அவர் மேல் வந்தது, அந்தப் பேராசிரியர் மேல் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சிவப்பு மைக்காரி மேல் வந்தது. உண்மையான பன்னிரண்டு பெண்களைப் பொய் என்று சொல்லித் துரத்திவிட்டு, மூன்று ஆண்களின் விரலுக்கு ‘நேர்த்தி’ என்று எழுதியவள். அதுவும் யார்? சோறு பிசைந்து ஊட்டிய அம்மாவின் கையில் ரேகை இருந்ததா இல்லையா என்று ஒரு நாளும் பார்க்காதவள். இலை வெட்டிய காலத்தை நான் மறந்துவிடவில்லை. பேட்டிகளில், விழாக்களில் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். சுற்றறிக்கை எழுதும்போது மட்டும் அது என் மண்டையில் வரவில்லை.

பதிவாளரிடம் போனேன். ஆய்வை அன்றைக்கே நிறுத்த வேண்டும், மற்றப் பெண்களை எல்லாம் டாக்டரிடம் காட்ட வேண்டும், நடந்ததை மேலே எழுத வேண்டும் என்றேன். ஆய்வை நிறுத்தினார்கள், டாக்டரையும் அனுப்பினார்கள். அதைச் சொல்லிவிட வேண்டும். எழுதுகிற பேச்சு வந்ததும் அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“என்னன்னு எழுதுவீங்க மேடம்? ஃபார்ம் இருக்கு. ரேகை இருக்கு. நீங்களே நேர்த்தின்னு எழுதியிருக்கீங்க. அந்தம்மா வாசிக்கக் கேட்டு, சம்மதிச்சு, கைநாட்டு வச்சிருக்காங்க. மாத்திரையை நிறுத்தினது அவங்க தப்பு.”

“அது அவங்க விரல் இல்ல சார்.”

“அதை யார் சொல்றது? அந்தம்மா எழுதிக் கொடுக்கட்டும், பார்க்கலாம். ஆனா ஒண்ணு, இதை எழுதினா முதல்ல வர்ற பெயர் உங்களோடதுதான். யோசிச்சுக்குங்க.”

அவள் தப்பு. கேட்கவே கேட்காத ஒருத்தி சம்மதித்துவிட்டாளாம், சொல்லவே சொல்லாத ஒன்றை மீறிவிட்டாளாம், அதனால் அவள் தப்பாம். அந்த அறையில் நான் டம்ளர் எதையும் தட்டிவிடவில்லை. அவ்வளவு கோபத்தில் கை அசையாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காகிதமும் மைப்பெட்டியும் எடுத்துக்கொண்டு மதினி வீட்டுக்குப் போனேன். முதலில் என் சிவப்பு மைச் சமாசாரத்தைச் சொன்னேன். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். வேன் வந்தது, புட்டி கொடுத்தார்கள், ஒன்றும் வாசிக்கவில்லை, விரல் வாங்கவில்லை, விழுந்தது, கை போனது. எல்லாம் அரைப் பக்கம்தான் வந்தது. முழுவதையும் அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று நான் விதித்த அந்த வரியையும் சொன்னேன், அதை அவள் முதல்முறையாகக் கேட்டாள். “இத அன்னைக்கே ஒருத்தன் சொல்லியிருக்கலாம்லா” என்றாள்.

அக்கா அவளுடைய இடது கையைப் பிடித்து மையில் ஒற்றி, காகிதத்தில் வைத்து அழுத்தினாள். எடுத்தால் நீலக் கறை. கோடு ஒன்றும் இல்லை.

“இது செல்லுமாட்டி?” என்று கேட்டாள் அக்கா.

“செல்லும்” என்றேன். கீழே, ‘பீடி சுற்றியதால் ரேகை தேய்ந்துபோனவர். என் முன்னால் வைத்தது’ என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். அக்காவும் போட்டாள். என் அறிக்கையோடு சேர்த்து, என் பெயரையும் முதல் வரியிலேயே எழுதி, மறுநாள் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தேன்.

நேற்று அது திரும்பி வந்தது. அறிக்கையை வைத்துக்கொண்டார்களாம், ‘பரிசீலனையில்’ இருக்கிறதாம். மதினியின் வாக்குமூலம் மட்டும் வந்திருக்கிறது. கறையைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில், ‘ரேகை தெளிவில்லை. ஏழாவது சுற்றறிக்கைப்படி திருப்பி அனுப்பப்படுகிறது.’ எனக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது என்று சுற்றறிக்கையின் நகல் ஒன்றையும் குத்தி அனுப்பியிருக்கிறார்கள்.

மருந்து ஆய்வுகளைக் கண்காணிக்கிற டெல்லி அலுவலகத்துக்கு அனுப்புவதற்காக எல்லாவற்றையும் இன்றைக்குக் கட்டி வைத்திருக்கிறேன். மதினியின் கறையை முதல் பக்கமாக வைத்தேன். சுற்றறிக்கையை அதற்கு அடுத்ததாக வைத்தேன். அதன் அடியில் என் கையெழுத்து ஒரு எழுத்துகூடக் கலங்காமல் இருக்கிறது, யார் பார்த்தாலும் என்னுடையதுதான் என்று சொல்லிவிடலாம்.